திட்டு வாங்கினால்தான் கடன்

பிரேம்குமார், நீங்கள் எங்களை ஏமாற்றுகிறீர்கள்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. போன ஞாயிற்றுக்கிழமை நம் சங்கக் கூடத்தில் மைக் பிடித்துக்கொண்டு பேசினீர்கள். ஈஜிபுராவிலும் விவேக் நகரிலும் சொந்த இடம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வீட்டை இடித்துவிட்டு பி.ஜி. விடுதி கட்ட வேண்டும், அறைக்கு மூன்று கட்டில் போட வேண்டும், ஐ.டி. பிள்ளைகள் பெட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள் என்றீர்கள். கட்டடம் கட்டித் தருவது, கட்டில் பீரோ வாங்கித் தருவது, கடனுக்கு ஏற்பாடு செய்வது எல்லாவற்றையும் உங்கள் ஆபீஸே பார்த்துக்கொள்ளும் என்றீர்கள். கூட்டம் கை தட்டியது. பிறகு எல்லாருக்கும் மெதுவடையும் காபியும் கொடுத்தீர்கள். நானும் மூன்று வடை தின்றேன். வடை நன்றாக இருந்தது. பேச்சு மோசம்.

சந்தேகம் உள்ளவர்கள் சங்க மலருக்கு எழுதலாம் என்று செயலாளர் அறிவித்தார். அதனால் எழுதுகிறேன். என் கேள்வி ஒன்றே ஒன்று. அதை மொட்டையாகக் கேட்டால் கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்பீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைவதற்குத்தான் ஒரு வங்கி ஆயுள் முழுக்க எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஆகவே கதையைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நான் ஸ்ரீராம்புரத்துக்காரன். மாலைக் கல்லூரியில் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, சிறு தொழில் கடன்களுக்குக் கள அதிகாரி ஆனேன். நடுவில் பயிற்சிக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே சாப்பாடு நன்றாக இருந்தது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை. வேலை கற்றுக்கொண்டது கிளை மேனேஜர் கேசவமூர்த்தியிடம்.

கேசவமூர்த்தி ஷிமோகாப் பக்கத்துக்காரர். என்னைவிடச் சில வயதுதான் பெரியவர். பேண்ட் பாக்கெட்டில் எப்போதும் வறுத்த கடலைக்காய் இருக்கும். கடன் விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டே உரிப்பார், தோல் முழுக்க மேசை மேல் விழும். குரலை உயர்த்த மாட்டார். வட்டார அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று, "ஆயித்து சார், ஆயித்து சார்" என்பார். ஆகிவிட்டது என்று பொருள். எதுவும் ஆகியிருக்காது. போனை வைத்துவிட்டு அடுத்த கடலையை உரிப்பார்.

நான் சேர்ந்த காலம் டெலிபோன் பூத் காலம். தெருமுனைக்கு ஒரு மஞ்சள் பலகை முளைக்கத் தொடங்கியிருந்தது. பூத் வைக்க ஒருவர் கடன் கேட்டு வந்தார். நான் வரவு செலவெல்லாம் போட்டு, நாள் முழுக்க உட்கார்ந்து அறிக்கை தயாரித்தேன். கேசவமூர்த்தி அதைத் திறக்கவே இல்லை.

"ஏழுமலை, அந்த ரோட்டுல ஏற்கனவே ஒரு பூத் இருக்கல்ல? அங்க போய், எதிர்லயே நானும் பூத் வெக்கப் போறேன்னு சொல்லிட்டு வாங்க."

"பொய் சொல்லணுமா சார்?"

"சும்னே போங்க. என்ன சொல்றான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

போனேன். சொன்னேன். அந்த ஆள் செருப்பைக் கழற்றினான். என் அம்மாவை இழுத்தான், என் ஊரை இழுத்தான், நான் ஏறி வந்த சைக்கிளைக்கூட விடவில்லை. நான் வேர்த்து விறுவிறுத்துக் கிளைக்குத் திரும்பி, இந்த வேலையே வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். மேனேஜர் முந்திக்கொண்டார்.

"பைத்னா?" திட்டினானா என்று கன்னடத்தில் கேட்கிறார்.

"என் அம்மாவை இழுத்தான் சார்!"

"அம்மாவையா? ஒள்ளேது!" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். ரொம்ப நல்லது என்று அர்த்தம். அந்தக் கடன் ஒரு தவணைகூடத் தவறாமல் அடைந்தது.

இதுதான் எங்கள் கிளையின் வழிமுறை. பிறகு அதை ஒழுங்காகவே செய்தோம். விண்ணப்பம் எந்தத் தொழிலுக்கோ, அந்தத் தொழிலில் மூன்று கடைகளுக்குப் போக வேண்டும். வங்கி என்று மூச்சு விடக் கூடாது. சட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூட்டம் இல்லாத நேரத்தில் போக வேண்டும், ஏனென்றால் பரபரப்பில் இருப்பவன் எல்லாரிடமும் எரிந்துதான் விழுவான், அது கணக்கில் சேராது. ஏதாவது ஒரு பொருள் வாங்க வேண்டும், வாங்காமல் பேச்சுக் கொடுத்தால் அதற்காகவே திட்டுவான், அதுவும் கணக்கில் சேராது. பிறகு, நானும் பக்கத்தில் இதே கடை போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். திட்டினால் கடன் உண்டு. முனகினால் யோசிக்கலாம். நாற்காலி இழுத்துப் போட்டு, 'வாங்க சார், அருமையான தொழில்' என்றால் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் கோப்பில் எழுத முடியாது. 'உள்ளூர் நிலவரம் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதுவோம்.

இதில் மாய மந்திரம் ஒன்றும் இல்லை. லாபம் வருகிறவனுக்குப் பயம் இருக்கும். பங்கு கேட்டு இன்னொருவன் வருகிறான் என்றால் அவனுக்கு வயிறு எரியும், அந்த எரிச்சல் வாய் வழியாக வரும். லாபம் வற்றிப்போனவனுக்குப் பயம் எதற்கு? அவனுக்கு நாம் போட்டியாள் இல்லை, நல்ல கிராக்கி. அவன் தலையில் இருப்பதை இறக்கி வைக்க ஒரு தலை வேண்டும். நம் தலையைத் தடவிக் கொடுக்கிறான்.

முதல் பூத் வைத்தவன் சம்பாதித்ததை ஊர் பார்த்தது. ஊர் பார்த்ததும் பத்துப் பேர் வந்தார்கள். பேச வருகிற ஜனம் அதேதான், பத்தாகப் பிரிந்தது. வீட்டுக்காரனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், முன் அறை வாடகையை ஏற்றினான். பூத் பெட்டி செய்து விற்பவன் விலையை ஏற்றினான். கடைசியில் வந்தவன்தான் எல்லாரையும்விட அதிகமாகக் கொடுத்து உள்ளே வந்து, எல்லாரையும்விடக் குறைவாகச் சம்பாதித்தான். ஒரு தொழில் நல்ல தொழில் என்று கடைசி ஆளுக்கும் தெரிந்துவிட்டால், அந்த நல்லதையெல்லாம் முன்னால் வந்தவர்களும் வீட்டுக்காரனும் பெட்டிக்காரனும் ஏற்கனவே தின்று முடித்துவிட்டார்கள் என்று பொருள். வீட்டு மனைக்கும் இதுதான், பங்குச் சந்தைக்கும் இதுதான்.

என் அம்மாவை இழுத்த அதே பூத்காரர் சில வருஷம் கழித்து வேறொரு விண்ணப்பத்துக்காக நான் போனபோது, ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாவம், என்னை அடையாளம்கூடத் தெரியவில்லை. அந்த விண்ணப்பம் திரும்பிப் போனது.

இனி லூர்து மேரி கதை. என் வேலைக் காலத்தில் என்னை ரொம்பவும் ஆட்டி வைத்த கேஸ் அதுதான்.

அது கம்ப்யூட்டர் சென்டர் காலம். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு இன்டர்நெட் பார்க்க விடும் கடைகள். லூர்து மேரிக்கு விவேக் நகரில், தெருவைப் பார்த்த முன் அறையோடு ஒரு சின்ன வீடு. அவள் அப்பா ஆலை வேலை செய்து வாங்கியது. அதைத் தவிர அந்தக் குடும்பத்துக்குச் சொத்து எதுவும் கிடையாது. அவள் கணவர் அருளப்பன் ஆட்டோ ஓட்டினார். உறவுக்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து ஒரே வருஷத்தில் ஃப்ரிட்ஜும் ஸ்கூட்டரும் வாங்கியதைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பத்திரத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் கிளைக்கு வந்துவிட்டாள்.

வட்டார அலுவலகமும் அவள் பக்கம்தான். கம்ப்யூட்டர் சென்டருக்குக் கடன் கொடுங்கள், கொடுங்கள் என்று சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை வந்தது. கேசவமூர்த்தி நின்றபடி ஆயித்து சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மூன்று கடைகளுக்குப் போனேன். முதல் கடையில் ஒரே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி கொட்டாவி விட்டபடி எழுந்து வந்து, "வாங்க சார், சூப்பர் பிசினஸ்" என்று சொல்லி, நான் கேட்காமலே தன் கம்ப்யூட்டரில் நான்கை எனக்கு விற்க விலை பேசினார். இரண்டாமவர் பாதாம் பால் வரவழைத்துக் கொடுத்து, நாற்காலியும் பிளைவுட் தடுப்பும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாமவர் கடையையே கொடுக்கத் தயார். போர்டு, ஃபேன், வாசலில் கட்டியிருந்த எலுமிச்சம்பழமும் மிளகாயும் உட்பட. "அது போன அமாவாசைக்குத்தான் சார் கட்டினது, இன்னும் பவர் இருக்கு" என்றார்.

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். லூர்து மேரி கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கத்தினாள்.

"இன்னா சார், ஊர்ல இருக்கறவன் எல்லாம் வெச்சிருக்கான். நான் வெச்சா மட்டும் ஓடாதா? என் மூஞ்சியப் பாத்தா கம்ப்யூட்டர் ஆன் ஆவாதா?"

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊர்ல இருக்கறவன் எல்லாம் வெச்சிருக்கான்ல, அதனாலதாம்மா ஓடாது! அந்தப் பத்திரத்தை வெச்சிட்டு நாளைக்கு எங்க போய்ப் படுப்ப? ஆட்டோலயா?"

"நான் ஆட்டோல படுப்பேன், ரோட்ல படுப்பேன், உனுக்கு இன்னா? நீ குடுக்கலன்னா வட்டிக்காரன் குடுக்கறான்!"

அது வெறும் மிரட்டல் இல்லை. பிளாஸ்டிக் உறையோடு நேராக அங்கேதான் போவாள் என்று எனக்குத் தெரிந்தது. மேனேஜர் கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து வந்தார்.

"அம்மா, இவர் சொல்றத நம்பாதீங்க. நீங்களே போங்க. மூணு கடையில போய், நானும் வெக்கப் போறேன்னு சொல்லுங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன் உங்களத் திட்டினாலும் நான் இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

"இது இன்னா சார் பைத்தியக்காரத்தனம்?"

"போய்த்தான் பாருங்களேன்."

போனாள். அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாரம் ஒன்று ஓடியது. வட்டிக்காரனிடம் பத்திரம் போய்விட்டது என்றே நினைத்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜருக்கும்தான். கடலை உரிப்பது குறைந்துவிட்டது.

பிறகு ஒருநாள் கிளை நிறைய ஆள் இருக்கும் நேரத்தில் வாசலில் அருளப்பன் ஆட்டோ கிரீச்சென்று நின்றது. லூர்து மேரி ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

"சார்! திட்டிட்டாங்க சார்!"

கேஷியர் எண்ணுவதை நிறுத்தினார். கேசவமூர்த்தி அறையிலிருந்து பாய்ந்து வந்தார். "பைத்னா? யாரு? கம்ப்யூட்டர்காரனா?"

"ஐய, அவனுங்களா? ஒருத்தன்கூடத் திட்டல. மூணாவது ஆளு எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் குடுத்தான் சார். அப்பவே எனக்குப் பக்குனு ஆச்சு. அப்பறம் எனக்கே வெறி புட்ச்சிக்கிச்சு. ஜெராக்ஸ் கடைல கேட்டேன், வாம்மான்றான். பேக்கரில கேட்டேன், வாம்மான்றான். கோயில் வாசல்ல மெழுகுவத்தி விக்கறவன் ஒக்கார இடம் குடுக்கறான். எவனும் திட்ட மாட்டேன்றான். இந்த ஊர்ல நல்லவனுங்க இவ்ளோ பேரா இருக்கானுங்கன்னு பயந்துட்டேன்."

"அப்பறம் யாரு திட்டினது?"

"ஸ்டெல்லா அக்கா!"

ஸ்டெல்லா பின் சந்தில் வெள்ளை உடைகளை வாடகைக்கு விடுகிறவர். மாதா கோயிலில் குழந்தைகள் முதல் முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மை நாளுக்கு வெள்ளை ஃபிராக், கல்யாணப் பெண்ணுக்கு நீளக் கவுன், தலையில் போடும் வலை. ஒரே ஒருநாள் போடும் உடையை யார் காசு கொடுத்துத் தைப்பார்கள்? அந்த வட்டாரத்துக்கே அவர் ஒருவர்தான். அண்ணன் மகள் போட்ட ஃபிராக்கைத் திருப்பிக் கொடுக்கப் போன லூர்து மேரி, வெறி அடங்காமல் அங்கேயும் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, நானும் இத மாதிரி வெக்கலாம்னு இருக்கேன்னேன், அவ்ளோதான் சார். அளவெடுக்கற டேப்பால அடிக்க வந்துட்டாங்க. என் வயித்துல அடிக்க வந்தியாடி, உன் கையி வெளங்குமாடி, இந்தச் சந்துல கால வெச்சன்னா பாருன்னு தொரத்தினாங்க. பைபிள்ல இருக்கற சாபம் எல்லாம் குடுத்துட்டாங்க!"

கேசவமூர்த்தி முழுவதையும் முதலிலிருந்து இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். பாக்கெட்டிலிருந்து கைநிறையக் கடலைக்காய் எடுத்து அவளிடம் நீட்டினார். அவர் யாருக்கும் கடலை கொடுத்து நான் பார்த்ததில்லை.

விதிப்படி இன்னும் இரண்டு இடம் பாக்கி. ஸ்டெல்லாவைப் போலத் தொழில் செய்த இரண்டு பேரை ஊரின் வேறு பக்கங்களில் தேடிப் பிடித்தேன். ஒருவர் கதவைச் சாத்தினார். இன்னொரு அம்மாள் என்னை இங்கிலீஷில் திட்டினார். தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே நடந்தேன். திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதன் போனதை அந்தத் தெரு பார்த்திருக்காது.

லூர்து மேரிக்குத் தையல் தெரியும். தையல் மிஷினும் துணியும் வாங்கக் கடன் போட்டோம். அவற்றையே அடமானமாகக் காட்டினோம். கேசவமூர்த்தி பிளாஸ்டிக் உறையை அவள் கையில் திருப்பிக் கொடுத்து, "இத இனிமேல் எந்த பேங்க்குக்கும் எடுத்துட்டு வரபேடா" என்றார். கொண்டு வராதே என்பதை அவர் பாதித் தமிழிலும் பாதிக் கன்னடத்திலும் சொன்னார். இது என்ன கடன், வெள்ளைக் கவுனா அடமானம் என்று வட்டார அலுவலகம் போனில் கேட்டது. இவர் எழுந்து நின்று ஆயித்து சொன்னார்.

ஸ்டெல்லா பாவம் இல்லையா என்று கேட்பீர்கள். பாவமெல்லாம் இல்லை. போட்டி இல்லாத தைரியத்தில் மஞ்சள் பூத்த ஃபிராக்கையே வருஷக்கணக்காக வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். லூர்து மேரி வந்த பிறகு புதிதாகத் தைத்தார். கல்யாணக் காலத்தில் அளவு போதாதபோது இவர் அவளிடமும் அவள் இவரிடமும் கவுன் இரவல் வாங்கிக்கொண்டார்கள். திட்டு மட்டும் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் சென்டர்கள் ஒவ்வொன்றாக மூடி, எலுமிச்சம்பழம் மட்டும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் லூர்து மேரி கடனை முடித்தாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவளிடமிருந்து போன்.

"சார், இங்க ஒரு பொண்ணு வந்துச்சு. கவுன் வாடகைக்கு வெக்கப் போறேன்னு சொல்லுச்சு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? ஒக்காரும்மா, காபி குடி, நல்ல தொழில்னேன் சார்! என் வாயால!"

"ஐயோ."

"திட்டலாம்னு பாக்கறேன், வர மாட்டேன்னுது சார்."

அப்போது தெருவுக்குத் தெரு கவுன் கடை வந்துவிட்டிருந்தது. போனிலேயே படமும் அனுப்பி வாடகைக்கு விட்டார்கள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, காபியைக் கொடுத்து, உன்னைத் திட்டுகிற ஆளைத் தேடிக்கொண்டு போ என்று அனுப்பிவிட்டாள். புதுக் கவுன் வாங்குவதை நிறுத்தினாள். இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிட்டாள். நஷ்டமில்லாமல், சிரித்த முகத்தோடு கடையை மூடினாள்.

பிரேம்குமார், போன ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த அம்மாள்தான் லூர்து மேரி. அவள் மருமகன் உங்கள் மேசையில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். நல்ல பையன்தான், உங்கள் பேச்சில் மயங்கிவிட்டான். விவேக் நகர் வீட்டை இடித்துவிட்டு பி.ஜி. கட்டலாம் என்று அவளை அரிக்கிறான். அதே வீடு. அதே பிளாஸ்டிக் உறை.

கூட்டம் கலையும்போது அவள் என் காதில், "சார், இந்த ஆளு வடை குடுக்கறான்" என்றாள்.

"நானும் அதத்தான் பாத்தேன்" என்றேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். சட்டையை வெளியே எடுத்துவிட்டேன். அருளப்பன் ஆட்டோ ஓட்டினார், காசு வாங்க மாட்டேன் என்றார். முதல் பி.ஜி.யில் முதலாளி எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து, அறை அறையாகத் திறந்து காட்டினார். உறை பிரிக்காத மெத்தைகளாகக் கிடந்தன. இரண்டாவது இடத்தில் எங்களுக்குக் கட்டில்களைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது புத்தம்புதுக் கட்டடம், வாசலில் காவலாளி, லிஃப்ட். நாங்களும் இதே தெருவில் பி.ஜி. கட்டப் போகிறோம் என்று சொன்னோம். மேலாளர் எங்களை இளநீர் கொடுத்து வரவேற்றார். கட்டுவானேன், இந்தக் கட்டடத்தையே வாங்கிக்கொள்ளுங்கள், ஓனர் கொடுத்துவிடத் தயார் என்றார். ஓனர் யாரென்று கேட்டோம்.

உங்கள் பெயரைச் சொன்னார்.

லூர்து மேரி அங்கே சிரிக்காமல் அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டோவில் ஏறியதும் வெடித்தாள். நானும் சிரித்தேன். அருளப்பன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். கேசவமூர்த்தி ஷிமோகாவில் இருக்கிறார், அவருக்கு ஆட்டோவிலிருந்தே போன் போட்டோம். எடுத்ததும் அவர் கேட்டது ஒரே வார்த்தைதான். இல்லை சார், இளநீர் கொடுத்தார்கள் என்றோம். மறுமுனையில் கடலை உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

மருமகன் இதைக் கேட்டும் அசையவில்லை. பிரேம்குமார் சார் படித்தவர், காரணம் இல்லாமல் சொல்ல மாட்டார் என்கிறான். சரி, காரணத்தை நீங்களே சொல்லுங்கள். லூர்து மேரி வீட்டுப் பத்திரம் குழந்தை இயேசு படத்துக்குப் பின்னால் பூட்டிய பீரோவில் இருக்கிறது. நீங்கள் பதில் சொல்லும்வரை அது வெளியே வராது.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். ஆபீஸுக்கு வா என்று காபி கொடுக்கவும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில், அதே மேடையில், அதே மைக்கில், அந்த மருமகன் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். நீங்கள் செய்கிற அதே தொழிலை, நீங்கள் செய்கிற அதே தெருவில், கூடம் நிறைந்த நாங்கள் அத்தனை பேரும் செய்யப் போகிறோம் என்று கை தட்டினோம்.

நீங்கள் ஏன் எங்களைத் திட்டவில்லை?